அதிகாலை வாசகர்

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் அது. செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குள் கல்லூரி நூலகர் தேவசுந்தரம் பதினேழு பெண்பிள்ளைகளாகவும் ஆறு பையன்களாகவும் மாறி, உலக அறிவில் சரிபாதியைப் படித்து முடித்திருந்தார். முதலில் பி.காம். சங்கரேஸ்வரியாகி, ஒட்டகப் பாலின் சத்துகளைப் பற்றி ஒன்பது ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திறந்தார். திறந்த உடனே மூடினால் படித்த கணக்கில் சேராது என்பதால், ஒன்பதையும் ஒருசேர மூன்று நிமிடம் திறந்துபோட்டுவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு சங்கரேஸ்வரியை மூடிவிட்டுப் பாண்டிராஜாகப் பிறந்தார். பாண்டிராஜுக்கு வட துருவத்தில் பனி உருகுவது பற்றித் தீராத கவலை. நிஜப் பாண்டிராஜ் வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்கு வந்தாலே அதிசயம். தேவசுந்தரத்தின் பாண்டிராஜோ, எந்தப் பனிப்பாறை எந்தக் கிழமையில் எத்தனை அங்குலம் கரைந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பூஜ்யம். பல்கலைக்கழக நூலகம் ஒரு கடலையே விலைக்கு வாங்கி வைத்திருந்தது. உலகத்தில் அச்சாகிற ஆராய்ச்சி இதழ்கள் அத்தனையும் அதில் உண்டு. லண்டன் பத்திரிகையில் இருந்து தமிழ்ப் பத்திரிகைகளின் நெல்லைப் பதிப்பு வரை, பழைய பக்கங்களும் புதிய பக்கங்களும் தேதிவாரியாகக் கிடக்கும். இணைப்புக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் ஐடியைப் போட்டு வீட்டில் கட்டிலில் படுத்தபடியே வாசிக்கலாம். வாசிக்கலாம்தான், யார் வாசித்தார்கள்? மார்ச் மாதம் முதல்வர்கள் கூட்டத்தில் எந்தக் கல்லூரி எவ்வளவு வாசித்தது என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். இந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரே நின்ற பூஜ்யம் தேர்ச்சக்கரம் அளவுக்கு இருந்ததாம். திரும்பி வந்த முதல்வர் தேவசுந்தரத்தைக் கூப்பிட்டு, சத்தமே போடாமல் சொன்னார்: "அடுத்த மாசமும் முட்டை வந்துச்சின்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அடை காப்போம் சார்."

ஓய்வுபெறப் பதினோரு மாதம் இருக்கும்போது அடைகாக்க தேவசுந்தரத்துக்கு விருப்பம் இல்லை. ஐடி எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். ரோல் நம்பர்தான் ஐடி, சர்டிபிகேட்டில் உள்ள பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. ஒரு பிள்ளைகூட அதை மாற்றவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு ஜூன் ஐந்தாம் தேதிதான் பிறந்தநாள். தேதி தெரியாமல் வந்த பிள்ளைக்கெல்லாம் அந்த ஊர் வாத்தியார் அதையே எழுதிச் சேர்த்திருக்கிறார். சர்டிபிகேட்டை நம்பினால், ஆண்டுதோறும் அந்த ஒரு நாளில் அந்த ஊரில் பிரசவம் பார்க்க டெல்லியில் இருந்து ராணுவம்தான் வந்திருக்க வேண்டும்.

ஆக, நாலு மாதமாக அவர் வாசித்துத் தள்ளினார். பூஜ்யம் போய் ஆயிரமாயிற்று. ஆரம்பத்தில் பயத்தில் செய்ததை இப்போது ருசித்துச் செய்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மோகத்தைக் கற்பித்து, அதை மறந்துவிடாமல் ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் ஜூனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் ஹஸ்னா பானு.

"இப்ப யாரு சார் நீங்க?" என்று எட்டிப் பார்த்தாள் அவள்.

"ரோல் நம்பர் முப்பத்தொண்ணு. இசக்கிச்செல்வி. எம்.ஏ. வரலாறு முடிச்ச பிள்ள. செப்டம்பர் வரைக்கும் ஐடி உசுரோட இருக்கும்."

"அவளுக்கு என்ன போட்டிருக்கிய?"

"கத்தரிக்கா."

"வரலாறு படிச்ச பிள்ளைக்குக் கத்தரிக்காயா?"

"அவ பேரு வரும்போது எனக்குப் பசி நேரம்மா. கத்தரிக்காய்க்கும் வரலாறு உண்டு, தெரியுமா? நாப்பது கட்டுரை படிச்சிருக்கா. இன்னும் ஒரு வாரத்துல அவ கத்தரிக்கா டாக்டரு."

பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "கழத்த வேண்டாம், உள்ள வாங்க" என்று தேவசுந்தரம் குரல் கொடுத்தும், வந்தவர் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இரண்டு பேர். பெரியவருக்கு அறுபது வயது இருக்கலாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிலைப்படிக்குக் குனிந்து வர வேண்டிய உயரம். அந்த உடம்புக்குள் இருந்து வந்த குரலோ பால் குடிக்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி இருந்தது. அவர் பேசினால் எதிரில் இருப்பவர் தானாகவே முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்க வேண்டும். எதிராளியை அப்படிச் சாய வைத்தே காரியம் முடிக்கிற மனிதர் என்று தேவசுந்தரத்துக்குப் பட்டது. கூட வந்தவனுக்கு முப்பது வயது. இறுக்கமான சட்டை. கையில் இருந்த போனின் உறை ரோஸ் நிறத்தில் இருந்தது, மூலையில் ஒரு பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது. அது அவனுடைய போன் இல்லை.

"சார், நம்மளுக்கு கரிவலம்வந்தநல்லூரு பக்கம். பேரு ஆவுடையப்பன். இது எந் தங்கச்சி மகன் மாரிராஜ், திருவேங்கடத்துல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கான். எந் தம்பி செல்லச்சாமி மக ஒண்ணு இங்கனதான் படிச்சா. இசக்கிச்செல்வி."

திரையில் திறந்திருந்த கத்தரிக்காய்க் கட்டுரையை தேவசுந்தரம் அவசரமாக மூடினார். "நல்ல பிள்ளையாச்சே" என்றார். முகம் நினைவுக்கு வரவில்லை.

"நல்ல பிள்ளதான் சார். அதான் தேடுதோம்." பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "இந்தா நிக்கிற மாரிக்கும் அவளுக்கும் வெத்தல மாத்தி நிச்சயம் பண்ணுன ஒம்பதாம் நாளு. காலையில டவுன் பஸ்ஸுல ஏறுனவதான். நாப்பத்திமூணு நாளாச்சு. போனக் கூட வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டா."

"போலீசுல சொன்னியளா அண்ணாச்சி?"

"போலீசு எதுக்கு சார்? நம்ம வீட்டுப் பிள்ளைய நாமதான தேடணும்." அவர் சிரித்தார். நல்ல வரிசைப் பல். "எங்க பெரியப்பா பேத்தி ஒண்ணும் எட்டு வருசத்துக்கு முன்ன இப்படித்தான் போச்சி. தேடிக் கூட்டியாந்தோம்."

"இப்ப எப்படி இருக்கு?"

"போட்டோவுல இருக்கு சார்" என்றார் ஆவுடையப்பன், அதே மெல்லிய குரலில்.

பானு ஒரு புத்தகத்தை அடுக்குவதுபோல அலமாரிக்குப் பின்னால் போனாள். மாரிராஜ் அந்த ரோஸ் நிறப் போனைத் திறந்து மேஜைமேல் வைத்து, ஒரு விரலால் தேவசுந்தரத்தின் பக்கமாக நகர்த்தினான். மின்னஞ்சல். பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து ஆங்கிலத்தில் வந்திருந்தது. வாழ்த்துகள் இசக்கிச்செல்வி, கடந்த முப்பது நாளில் நீங்கள் அறுபத்தொரு கட்டுரைகளை வாசித்திருக்கிறீர்கள், எங்கள் முதல் ஐம்பது வாசகர்களில் நீங்களும் ஒருவர். கீழே மலைக்குப் பின்னால் சூரியன் எழும்புகிற ஒரு படம். படத்துக்கு அடியில்: நீங்கள் அதிக நாட்கள் வாசித்த நேரம் காலை ஆறு முதல் ஏழு. நீங்கள் ஓர் அதிகாலை வாசகர்.

"முந்தாநேத்து வந்துச்சி சார்" என்றான் மாரிராஜ். "வீட்டை விட்டு ஓடுன பிள்ள எங்கனயோ உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கா. உள்ள போயிப் பாத்தா எந்த ஊர்ல இருந்து பாக்கான்னு காட்டும். ஹிஸ்டரி பக்கத்துல ஊர் பேரோட வரும். நானும் பிறந்த தேதி, எங்க அம்மா பேரு, அவ அம்மா பேருன்னு எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். பாஸ்வேர்டு மறந்தா நூலகரப் பாருங்கன்னு வருது. அதான் பாக்க வந்தோம்."

தேவசுந்தரம் அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது அவருடையது. மீதி இருபத்தொன்று? ஒன்பதரைக்கு முன்னால் அவர் இந்தக் கணினியைத் தொட்டதே இல்லை. காலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் பைபிளும் காபியுமாக இருப்பார். மனைவி கிருபாபாய் ஜெபம் முடியும்வரை போனைத் தொடவிட மாட்டாள்.

"சிஸ்டத்துல பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி. ஒரு பத்து நிமிஷம்."

"அவசரமே இல்ல சார். நாப்பத்திமூணு நாளு பொறுத்துட்டோம்." ஆவுடையப்பன் எழுந்து வாசிப்பு மேஜைக்குப் போய் ஒரு செய்தித்தாளை விரித்தார். விரித்தவர் பக்கத்தைத் திருப்பவில்லை. கதவின் கண்ணாடி வழியாக உள்ளறையைப் பார்த்தபடி, பேப்பரைக் கையில் பிடித்திருந்தார்.

உள்ளறையில் தேவசுந்தரம் ரோல் நம்பர் முப்பத்தொன்றின் அறிக்கையை எடுத்தார். நூலகருக்கு வரும் அறிக்கையில் ஊர் பேர் கிடையாது. கல்லூரிக்குள்ளா, வெளியிலா என்று மட்டும்தான் இருக்கும். வரிசையாகக் கத்தரிக்காய் வந்தது. கத்தரியில் வாடல் நோய், கத்தரியும் அக்பர் காலத்துச் சமையலும், கத்தரிப் பூவின் நிறம். எல்லாம் கல்லூரிக்குள். அவற்றுக்கு இடையிடையே, முளைக்காத வயலில் ஒன்றிரண்டு பச்சை தெரிகிற மாதிரி, வேறு வரிகள். காலை 6.41. வெளியில் இருந்து. தமிழ்ப் பத்திரிகை, நெல்லைப் பதிப்பு. தேடிய சொல்: கரிவலம்வந்தநல்லூர். மறுநாள் 6.38. அதே பதிப்பு, அதே சொல். அதற்கு மறுநாளும் அதே. இருபத்தொரு காலைகள், ஒரே ஊர்.

பானு அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "யா அல்லா. இது நெசமாவே படிக்கிற பிள்ளையா சார்?"

நெசமாகவே படிக்கிற பிள்ளை. அவர் ஊதி ஊதி உண்டாக்கிய இருபத்துமூன்று வாசகர்களின் கூட்டத்தில் மூச்சு விடுகிற ஒரே வாசகி. எங்கேயோ யாருடைய போனிலோ விடிந்ததும் விடியாததுமாக ஊர்ப் பேரைத் தட்டி, ஊரில் யார் செத்தார்கள், தன்னைக் காணோம் என்று யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மூடிவைக்கிறாள். காசு கேட்காமல் அந்தப் பக்கங்களைத் திறக்க அவளுக்கு இருந்தது இந்த ஐடி ஒன்றுதான். இருபத்தொன்று மட்டும் என்றால் முதல் ஐம்பதில் அவள் பெயர் வந்திருக்காது, வாழ்த்தும் போயிருக்காது. மேலே நாற்பது கத்தரிக்காயைத் தூக்கி வைத்து அவளை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது அவர் கைதான்.

"அவ ஐடிக்குள்ள போனா எந்த ஊர்னு நமக்கும் தெரியும்லா?" என்றாள் பானு.

"தெரியும். பாக்க மாட்டேன். பாத்தா என் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கும். அந்த மனுசன் அதப் படிச்சிருவாரு."

"அப்ப எல்லாம் நாந்தான்னு சொல்லிருங்க சார்."

"பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா?"

"பிரின்சிபால் வேலையத்தான சார் எடுப்பாரு" என்றாள் பானு.

தேவசுந்தரம் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்லி அதற்குள் பொய்யை ஒளித்து வைப்பது அவருக்கு இதுதான் முதல்முறை. தயங்கித்தான் ஆரம்பித்தார். பூஜ்யம், தேர்ச்சக்கரம், அடைகாப்பது என்று வந்ததும் பழக்கமான உற்சாகம் வந்துவிட்டது. நோட்டைக் காட்டினார். ஒட்டகத்தைக் காட்டினார். பாண்டிராஜின் பனிப்பாறைகளைக் காட்டினார். பதினேழு பெண்பிள்ளைகளாகத் தாம் மாறுகிற அழகைக் கையை ஆட்டிச் சொன்னார். "உங்க பிள்ள எங்கனயும் உக்காந்து படிக்கல அண்ணாச்சி. நாந்தான் அது. அறுபத்தொண்ணும் நாந்தான்."

ஆவுடையப்பன் உடம்பு குலுங்கச் சிரித்தார். தேவசுந்தரமும் சிரித்தார். சிரிக்காதவன் மாரிராஜ் ஒருவன்தான்.

"காலையில ஆறு மணிக்கு காலேஜ் தொறந்திருக்குமா சார்?"

"வீட்டுல இருந்து, தம்பி. ஜெபம் முடிச்சதும்."

"ஆறு மணிக்கும் கத்தரிக்காயா?"

அங்கேதான் அவர் சறுக்கினார். இல்லாததைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான் என்ற பயத்தில், சற்று முன் கண்ணால் பார்த்த வரி அப்படியே வாயில் வந்துவிட்டது. "இல்ல. காலையில பேப்பரு. நெல்லைப் பதிப்பு. கரிவலம்வந்தநல்லூர்னு போட்டுத் தேடுவேன்."

செய்தித்தாள் மடிகிற சத்தம் கேட்டது. "எங்க ஊரையா?" என்றார் ஆவுடையப்பன். "எங்க ஊர்ல உங்களுக்கு என்ன சார் சோலி?"

"எல்லா ஊரையும்தான் அண்ணாச்சி. பிள்ளையளோட ஊரு. மேலநீலிதநல்லூரு, திருவேங்கடம்... நெசம் மாதிரி இருக்கணும்லா."

"நெசம் மாதிரியேதான் இருக்கு" என்றார் பெரியவர். அவர் கண் தேவசுந்தரத்தின் முகத்தில் ஒவ்வொரு இடமாகப் போய் நின்று திரும்பியது. பிறகு எழுந்து, அவர் தோளில் கையை வைத்தார். கனமான கை. "பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் பிறந்த தேதிதான் அண்ணாச்சி" என்ற பிறகுதான் தேவசுந்தரம் நாக்கைக் கடித்தார்.

"பிறந்த தேதி நான் போட்டுப் பாத்தேனே" என்றான் மாரிராஜ். "ஐப்பசி மாசம், நவம்பர் பதினாலு. ஜாதகத்துல இருக்கு. எடுக்கலியே?"

"தப்பா அடிச்சிருப்பிய தம்பி."

"சரி சார், வாரோம்" என்றார் ஆவுடையப்பன். "சிரிச்சி நாளாச்சி. நல்லா இருங்க." வாசலில் நிதானமாகச் செருப்பை மாட்டினார்.

ஜன்னல் வழியாக தேவசுந்தரம் பார்த்தார். வேப்பமரத்தடியில் பைக் நின்றது. மாரிராஜ் ஒரு காலைத் தூக்கிப்போட்டு ஏறினான், சாவியைத் திருகினான், திருகிய கை அப்படியே நின்றது. திரும்பி மாமாவிடம் என்னவோ சொன்னான். மாமா வானத்தைப் பார்த்துச் சிரித்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஜூன் அஞ்சு. அதே வாத்தியார்தான் மாரிராஜையும் சேர்த்திருப்பார். இவனுக்கும் அதே பிறந்தநாள். வருடம் ஒன்றைத்தான் கணக்குப் போட வேண்டும். மாரிராஜ் பைக்கில் உட்கார்ந்தபடியே ரோஸ் நிறப் போனை எடுத்தான்.

தேவசுந்தரம் இருபது வருடமாக ஓடியதில்லை. அன்று அந்தப் பத்தடியை ஓடிய வேகத்தில் மேஜை மேலிருந்த பதிவேடுகள் பறந்து விழுந்தன. 'கணக்கை முடக்கு' என்ற பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. அவர் மேசியாவையும் பானு ரசூலையும் கூப்பிட, இரண்டு பேரையும் அலட்சியம் செய்து அந்த வட்டம் ஒரு யுகம் சுற்றியது. பிறகு பச்சை எழுத்து வந்தது: முடக்கப்பட்டது. பயனருக்குத் தகவல் அனுப்பப்பட்டது.

தேவசுந்தரம் ஜன்னலுக்குத் திரும்பி வந்தபோது, பயனருக்கான தகவல் மரத்தடியில் இருந்த போனில்தான் வந்து விழுந்தது. மாரிராஜ் அதை வாசித்தான், மாமாவுக்குக் காட்டினான். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, நேராக நூலக ஜன்னலைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் கையை உயர்த்தி, நெடுநாள் பழகிய சிநேகிதருக்குக் காட்டுவதுபோல ஆட்டினார். பைக் போன பிறகும் தேவசுந்தரம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றார்.

அன்று இரவு சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "காய்ச்சலா?" என்று கிருபாபாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு, ஜெபத்தின் நடுவில், கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கேயோ ஒருத்தி இப்போது ரோல் நம்பரைத் தட்டுவாள். திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. யாரோ தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து வேறு ஊருக்கு ஓடுவாளா? அல்லது, பக்கம் திறக்காத பதற்றத்தில் ஊருக்கே ஒரு போன் போட்டுவிடுவாளா? கிருபாபாய் 'ஆமென்' சொன்னது அவர் காதில் விழவில்லை.

ஒன்பதரைக்கு நூலகத்தின் மின்னஞ்சலைத் திறந்தார். பானு டீயோடு வந்து நின்றாள். 6.48க்கு ஒரு மடல் வந்திருந்தது. இதுவரை பார்த்திராத முகவரி.

"மதிப்பிற்குரிய சார், நான் இசக்கிச்செல்வி, எம்.ஏ. வரலாறு, ரோல் நம்பர் 31. என் கணக்கு திறக்கவில்லை. காலையில் ஊர்ச் செய்தி பார்க்க எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. புது பாஸ்வேர்டை இந்த முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்."

தேவசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அவதாம்மா. காலையில, ஊர்ச் செய்தின்னு எழுதியிருக்கா பாரு. அது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்." புதுக் கணக்கே போட்டுக் கொடுத்துவிடலாம், பாஸ்வேர்டு நேராக அவள் முகவரிக்கே போகும், பழைய வாசிப்பு எல்லாம் தானாக அதில் வந்து சேரும். அவர் விரல் பதில் பொத்தானுக்குப் போனது.

"சார்" என்றாள் பானு. "மேல ஒண்ணு கெடக்கு."

7.05. இன்னொரு புது முகவரி.

"வணக்கம் ஐயா. இசக்கிச்செல்வி எழுதுகிறேன். ரோல் நம்பர் 31. லாகின் ஆகவில்லை. தினமும் நெல்லைப் பதிப்பில் கரிவலம்வந்தநல்லூர் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாஸ்வேர்டு அனுப்புங்கள். என்னைக் கேட்டு யாராவது வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் ஐயா."

டீயின் மேல் ஆடை படிந்தது. அந்த ரகசியத்தை நேற்று இதே மேஜையில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, தானே வாயால் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஒருத்தி உயிருக்குப் பயந்து எழுதியிருக்கிறாள். இன்னொருவன் பிரவுசிங் சென்டர் நாற்காலியில் சாய்ந்து எழுதியிருக்கிறான். யாருக்குப் பதில் போனாலும் அந்த ஆள் ஹிஸ்டரி பக்கத்தைத் திறக்கலாம். ஊர் பெயர் அங்கே காத்திருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால், அது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளப் பழைய கணக்கைத் திறந்தால், அந்தத் தகவலும் ரோஸ் நிறப் போனுக்கே போகும், திறந்த நொடியில் ஜூன் ஐந்தைப் போட்டு அவனும் உள்ளே வந்துவிடுவான்.

"ரெண்டுலயும் எது பொம்பளப் பிள்ள எழுத்துன்னு பாருங்க சார். உங்களுக்குத்தான் பதினேழு பிள்ளையா இருந்து பழக்கமாச்சே" என்றாள் பானு. அவள் கேலி செய்யவில்லை.

அவர் இரண்டையும் திரும்பத் திரும்ப வாசித்தார். 'வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்' என்பது பயந்த பிள்ளை எழுதுவது. அவரே அவளாக மாறி எழுதியிருந்தாலும் முதலில் அதைத்தான் எழுதியிருப்பார். 'ஐயா' என்பதில் ஒரு நடுக்கம் தெரிகிறது. அந்த நடுக்கத்தையும் அவரால் இரண்டு நிமிடத்தில் செய்துவிட முடியும்.

"அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளுங்க. நான் பாத்ததே இல்ல. நீங்க ரெண்டு வருசம் பாத்திருக்கியள்லா?"

தேவசுந்தரம் யோசித்தார். பதிவேட்டைப் புரட்டினார். அவள் பெயரில் ஒரு புத்தகம்கூட ஏறவில்லை. எல்லாம் இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போயிருக்கிறாள். எந்த மேஜை? கண்ணாடி போடுவாளா? குட்டையா, நெட்டையா? அவள் கத்தரியின் வாடல் நோயைப் பற்றிக் கவலைப்பட்டாள், அக்பர் காலத்துச் சமையலில் ஆசை வைத்தாள், கத்தரிப் பூவின் நிறத்தைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தாள். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதில் ஒன்றும் அவள் இல்லை.

டிங் என்றது. திரை ஒரு வரி கீழே இறங்கியது. முதல் முகவரியில் இருந்து: "சார், இருக்கிறீர்களா?" அதை வாசித்து முடிப்பதற்குள் மறுபடி டிங். இரண்டாவது முகவரியில் இருந்து: "ஐயா, அவசரம்."

புத்தகத்தைத் திருப்பித் தர வந்து மேஜைக்கு எதிரே வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல, இரண்டு இசக்கிச்செல்விகளும் திரையில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே பெயர், ஒரே அளவு எழுத்து. தேவசுந்தரம் இப்போதாவது தலையைத் தூக்கி அவர்கள் முகத்தைப் பார்க்க முயன்றார். பதில் எழுதும் வெள்ளைக் கட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு தோன்றி மறைந்து தோன்றிக்கொண்டிருந்தது.